எஞ்சினியர் குடிக்காத தண்ணீர்

1994ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், திருவனந்தபுரத்தின் தெற்குப் பக்கத்துக் குழாய்களில் எல்லாம் தண்ணீர் இரும்பு ருசிக்கத் தொடங்கியது. ஆவுடைத்தாய் நீட்டிய ஒரு செம்புத் தண்ணீரை ஒரு எஞ்சினியர் வாங்கிக் குடிக்காமல் போனதுதான் காரணம். அதே வாரத்தில் சாலைக் கடைத்தெருவில் கொத்தமல்லி விலையும் ஏறியது; ஆனால் அதற்கும் ஆவுடைத்தாய்க்கும் சம்பந்தம் இல்லை.

ஆவுடைத்தாய் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கல்யாணமான கையோடு புருஷன் சொரிமுத்துவுடன் ரயிலேறி வந்தவள். அவனுக்குக் கம்பி கட்டுகிற வேலை. கான்கிரீட் போடுவதற்கு முன்னால் இரும்புக் கம்பிகளை வளைத்துக் கூடாக முடைந்து கொடுக்க வேண்டும். அவள் சாந்துச் சட்டி சுமந்தாள். நகரத்தில் உயர்ந்து நிற்கிற தண்ணீர்த் தொட்டிகளில் மூன்று, இவர்கள் இரண்டு பேரும் வேலை பார்த்து எழுப்பியவை. பஸ்ஸில் போகும்போது அவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் போதும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யாராக இருந்தாலும் தோளைத் தொட்டு, “அந்தா தெரியுதுல்லா, அது நாங்க கட்டுனது” என்பாள். கேட்டவர்களில் பாதிப் பேர் நம்பவில்லை. அதனால் அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை, அடுத்த பஸ்ஸில் அடுத்த ஆளிடம் சொன்னாள். அந்தத் தொட்டிகளில் ஏறிய தண்ணீர் கரமனையில் எல்லாத் தெருவுக்கும் போனது. அவர்கள் குடியிருந்த லைனுக்கு மட்டும் வரவில்லை.

கரமனை ஆற்றின் ஓரத்தில், புறம்போக்கு நிலத்தில், தகரமும் ஓலையும் ஹாலோபிளாக் கல்லுமாக எழும்பிய வீடுகளின் வரிசை அது. குடியிருந்தவர்கள் அதை இசக்கியம்மன் லைன் என்றார்கள். வெளியே உள்ளவர்கள் பாண்டிலைன் என்றார்கள். பாண்டி என்றால் அந்த ஊர் வாயில் தமிழ்நாட்டுக்காரன் என்று அர்த்தம், கூடவே கொஞ்சம் இளப்பமும் உண்டு. லைனில் குழாய் கிடையாது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு ஏறி, முக்கில் இருந்த பொதுக்குழாய்க்குப் போவார்கள். அங்கே அந்தத் தெருக்காரர்கள் பிடித்து முடிந்த பிறகுதான் இவர்கள் குடத்துக்கு முறை வரும். பல நாள் அதற்குள் குழாயில் காற்றுதான் வரும். ஆவுடைத்தாய்க்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: லைன் முனையில் ஒரு குழாய். அதற்காக அவள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கால் கடுக்க நின்று, மலையாளத்தில் சண்டை போடுகிற அளவுக்கு மலையாளம் கற்றுக்கொண்டாள். கெஞ்ச மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. குழாய் போடுவார்கள் என்றால் போடட்டும், தன் புருஷன் கட்டிய தொட்டியிலிருந்துதானே வரப்போகிறது என்பது அவள் கட்சி.

கடைசியில் இடத்தைப் பார்க்க சசிதரன் என்ற எஞ்சினியர் ஜீப்பில் வந்தார். அன்று லைனே வேலைக்குப் போகவில்லை. ஆவுடைத்தாய் காலையிலேயே போய் ஒரு குடம் பிடித்து வந்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, எவர்சில்வர் செம்பைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். எஞ்சினியர் நடந்து பார்த்தார், தூரத்தைக் கேட்டார், புறம்போக்குக்குக் குழாய் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று மரியாதையாகவே சொன்னார். அது கூடப் பரவாயில்லை. ஆவுடைத்தாயின் ஊரில் வாசலுக்கு வந்தவருக்கு முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பார்கள். பகையாளி என்றாலும் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் பகையைப் பேச வேண்டும். குடிக்காமல் போனால், உன் வீட்டோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் ஒன்றுமில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாகும். எஞ்சினியருடைய ஊரிலோ கொதிக்க வைக்காத தண்ணீரை விருந்தாளிக்கு நீட்டுவதுதான் தப்பு. அதிலும் அவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் விழுந்து எழுந்தவர்.

“வாங்க சார். ஒரு வாய் தண்ணி குடிங்க” என்று ஆவுடைத்தாய் செம்பை இரண்டு கையாலும் நீட்டினாள்.

“வேண்டா கேட்டோ. ஞான் திளப்பிச்ச வெள்ளமே குடிக்கூ” என்றார் எஞ்சினியர். கொதிக்க வைத்த தண்ணீர்தான் குடிப்பாராம். சொன்னதோடு நிற்காமல், ஜீப்பிலிருந்து தன் வீட்டுச் சீரகத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, அத்தனை பேர் பார்க்கக் கடகடவென்று குடித்தார். அவரைப் பொறுத்தவரை அது வெயிலுக்குத் தண்ணீர் குடித்தது, அவ்வளவுதான்.

ஆவுடைத்தாய் முகம் சிவக்கவில்லை, திட்டவும் இல்லை. செம்பைக் கீழே வைத்தாள். “சரி சார். குடிக்கிற அன்னைக்குக் குடிச்சுக்கிடுங்க” என்றாள். மறுநாள் காலையில் எஞ்சினியர் வீட்டுச் சீரகத் தண்ணீரில் ஆணியை நக்கிய ருசி வந்தது. சாயங்காலத்துக்குள் அது தெருவுக்குப் பரவியது, வாரத்துக்குள் கிள்ளிப்பாலம் தாண்டிவிட்டது.

இதை ஆவுடைத்தாய் செய்தாள் என்று சொல்வதற்கில்லை. அவள் எப்போதும் போலச் சாந்துச் சட்டி சுமந்துகொண்டிருந்தாள். தண்ணீர்தான் தன் பாட்டுக்கு மாறியது. அந்த ஊர் வீடுகளில் பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைக்கிற தண்ணீர் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். அது பேனா மை நிறத்துக்குப் போனது. சாலைக் கடைத்தெருவில் பால்பாண்டியின் சாயாக் கடையில் பால் ஊற்ற ஊற்றச் சாயா கறுத்தது. வெள்ளை முண்டுகளில் துருக்கறை விழுந்ததால் கல்யாண மண்டபங்களில் மாப்பிள்ளைகள் எல்லாரும் இரண்டு வருஷம் பழுப்பு நிறத்தில் தாலி கட்டினார்கள். குளித்துவிட்டு வந்தவர்களின் கையில் சாவிக்கொத்து ஒட்டிக்கொண்டது; முதலில் பயந்தவர்கள் பிறகு அதை வசதி என்று கண்டு, சாவியைத் தேடுவதை விட்டார்கள். ஆபீஸ்களில் குண்டூசிகள் கூஜாவைப் பார்த்து நகர்ந்தன. விழிஞ்ஞத்தில் மீன்பிடிக்கப் போன படகுகளில் திசைகாட்டி முள் எல்லாம் நகரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டதால், யாரும் வழி தவறாமல் கரை சேர்ந்தார்கள். அந்த இரண்டு வருஷத்தில் புகார் சொல்லாதவர்கள் அவர்கள் மட்டும்தான்.

காரணம் கண்டுபிடிக்கப் படித்தவர்கள் கிளம்பினார்கள். பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்திருக்கும் என்றார் ஒருவர். ராத்திரி முழுக்கக் குழாயில் அசையாமல் கிடக்கிற தண்ணீர் உலோகத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் காலையில் முதல் வாளியைக் கொட்டிவிடுங்கள் என்றார் இன்னொருவர். செம்மண் பாறை வழியாக வருகிற தண்ணீரில் இரும்பு இருக்கத்தான் செய்யும் என்று ஒரு கட்சி. டாக்டர்கள், சில மாத்திரைகளாலும் ஈறு வீக்கத்தாலும் கூட வாயில் அப்படி ருசி தட்டும் என்றார்கள். அந்த வருஷம் பல் டாக்டர்களுக்கு நல்ல கூட்டம். இவை எல்லாமே உண்மையான காரணங்கள்தான், மற்ற ஊர்களில் இவற்றில் ஏதாவது ஒன்றுதான் இருக்கும். இங்கே முதல் வாளியைக் கொட்டினார்கள், பத்தாம் வாளியையும் கொட்டினார்கள், குழாயை மாற்றினார்கள், பல்லையும் பிடுங்கினார்கள். ருசி அசையவில்லை.

மேஸ்திரி நேசையன்தான் முதலில் விஷயத்தைக் கண்டவர். மார்த்தாண்டத்துக்காரர், வாய்ச்சொல் அதிகம். ஒருநாள் வெயில் தாங்காமல், வேலையிடத்தில் ஆவுடைத்தாய் பெண்களுக்கென்று லைனிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு குடித்தார். குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் தண்ணீராக ருசித்தது. எங்கே பிடித்தாய் என்று கேட்டார். அதே முக்குக் குழாய்தான். அவர் ஓடிப்போய் அந்தக் குழாயில் வாயை வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். திரும்பி வந்து குடத்தில் குடித்தார். இரண்டு மூன்று முறை இப்படிப் போய் வந்த பிறகு, அன்றைக்கு மீதி நேரம் அவர் வேலை வாங்கவில்லை, ஊரெல்லாம் சொல்லப் போய்விட்டார். ஆவுடைத்தாய் தலையில் ஏறி லைனுக்குள் இறங்கிய தண்ணீருக்கு இரும்பு ருசி இல்லை என்று இப்படித்தான் தெரியவந்தது.

ஜனங்கள் பாத்திரத்தோடு வந்தார்கள். பாண்டிலைன் எங்கே என்று கேட்டு வந்தவர்களிடம், அப்படி ஒரு இடமே இல்லை என்று லைன் பிள்ளைகள் கையை விரித்தார்கள். இசக்கியம்மன் லைன் என்று கேட்டவர்களுக்கு வழி காட்டினார்கள். ஒரு மாதத்தில் கரமனையே இசக்கியம்மன் லைன் என்று சொல்லப் பழகிவிட்டது. ஆவுடைத்தாய் யாரையும் திருப்பி அனுப்பவில்லை, யாரிடமும் கை நீட்டி எதுவும் வாங்கவும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்: கொண்டுபோவதற்கு முன்னால் அவள் கொடுக்கிற செம்பில் ஒரு வாய் அங்கேயே குடிக்க வேண்டும். அக்கிரகாரத்திலிருந்து வாலாம்பாள் என்ற அம்மாள் வந்தாள். அவள் போடும் காபிக்குத் தெருவே அடிமை. இப்போதோ சொந்தப் புருஷனே ஆபீஸ் கேன்டீனில் குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். அவள் செம்பைக் கையில் வாங்கிக்கொண்டு கொஞ்சநேரம் தயங்கினாள். பிறகு உதட்டில் படாமல் அண்ணாந்து, தூக்கிக் குடித்தாள். ஆவுடைத்தாயின் பக்கத்து வீட்டுக்காரி பொன்னம்மைக்கு அது பிடிக்கவில்லை. ஆவுடைத்தாய், “தூக்கிக் குடிச்சாலும் குடிச்சதுதான்” என்று சொல்லி, மாமியின் குடத்தை நிறைத்துக் கொடுத்தாள்.

மறுவருஷம் ஆற்றுகால் பொங்கல வந்தபோது, நகரத்துப் பெண்கள் எல்லாரும் ரோட்டோரத்தில் செங்கல் கூட்டி அடுப்பு வைக்கிற அந்த நாளில், கறுத்த தண்ணீரில் எப்படிப் பொங்கலிடுவது என்று கலங்கிப் புதுப் பானையோடு லைனுக்கு வந்தார்கள். ஆவுடைத்தாய் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டோரமாக நடந்து, பானை பானையாக ஊற்றிக்கொண்டே போனாள். அன்று அந்தக் குடம் காலியாகவில்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை, அடுப்பைப் பார்க்கவே நேரம் போதவில்லை. லைன் பெண்கள் அவளுக்குப் பின்னால் தலை நிமிர்ந்து நடந்தார்கள். யாரும் வழி மறிக்கவில்லை, யாரும் தள்ளிப் போகச் சொல்லவில்லை. அவர்கள் அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு நடை நடந்ததில்லை. பொன்னம்மை அன்று ராஜாத்தி மாதிரி இருந்ததாகத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் குழாய் வரவில்லை. பொங்கல முடிந்த மறுநாள் முதல் குடம் மறுபடியும் மற்றக் குடங்களைப் போலக் காலியானது. ஊருக்கு ஊற்ற ஊற்ற லைனுக்குத் தண்ணீர் போதவில்லை. பெண்கள் இரண்டு நடை நடந்த இடத்தில் நாலு நடை நடந்தார்கள். ஆவுடைத்தாய்க்குக் கழுத்து திரும்பவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்பினாள். பொன்னம்மைக்குப் பொறுமை போய்விட்டது. “அந்தாளை மன்னிச்சு விட்டுத் தொலையேன். ஊருக்குத் தண்ணி சுமந்து நமக்கு என்ன கெடச்சுது, இடுப்பு ஒடியுது” என்றாள்.

“எனக்கென்ன கோவமா, மன்னிக்கதுக்கு? அவரு குடிக்கல. அவ்வளவுதான்.”

அப்படியானால் ஒரு செம்பை எடுத்துக்கொண்டு ஆபீஸில் போய்க் கொடுத்துவிட்டு வரலாமே என்று சொரிமுத்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அவன் அதிகம் பேசாதவன். அன்று பேசியதற்கும் வருத்தப்பட்டான்.

“வீட்டுத் தண்ணிய வீட்ல வந்துதான் குடிக்கணும். தூக்கிட்டுப் போயிக் குடுத்தா அது லஞ்சம்” என்றாள் ஆவுடைத்தாய்.

எஞ்சினியர் சசிதரன் இதற்குள் மெலிந்துபோயிருந்தார். இளநீரிலேயே காலம் தள்ளினார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. ருசி போக வேண்டும் என்று ஆபீஸில் அவரைப் போல ஓடியவர் கிடையாது. தான் என்ன செய்தோம் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. அதை அவருக்குச் சொன்னது நேசையன். தெற்கத்தி ஊர்களில் வாசலில் நீட்டிய தண்ணீரை மறுப்பது என்றால் என்ன அர்த்தம் என்று, ஒரு கட்டிட வேலை விஷயமாக ஆபீஸுக்குப் போன இடத்தில், வாய் சும்மா இருக்காமல் விளக்கிவிட்டு வந்தார். எஞ்சினியர் சாயங்காலம் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையாம்.

1996 ஏப்ரல் வெயிலில், மத்தியானம், ஜீப் இல்லாமல் நடந்தே லைனுக்கு வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஆவுடைத்தாயின் வாசலில் நின்று, “கொறச்சு வெள்ளம் தருமோ?” என்று கேட்டார்.

அவள் உள்ளே போய்க் குடத்தைச் சாய்த்துப் பார்த்தாள். காலியாக இருந்தது. பொன்னம்மை வீட்டிலும் இல்லை. லைனில் ஒரு வீட்டிலும் ஒரு செம்பு தண்ணீர் இல்லை. வந்தவருக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்வது அவள் பரம்பரையில் நடந்திராத காரியம். அவமானத்தில் அவளுக்குக் காது அடைத்தது. “இருங்க சார், எடுத்துட்டு வந்திருதேன்” என்று குடத்தை எடுத்தாள். அவர் இருக்கவில்லை, கூடவே நடந்தார். முக்குக் குழாயில் குடம் நிறைந்ததும், தான் தூக்குவதாகச் சொன்னார். விருந்தாளி சுமக்கக் கூடாது என்று அவள் மறுத்துப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை, தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

மெயின் ரோடு இறங்குவதற்குள் குடம் கனக்க ஆரம்பித்தது. வாழைத் தோப்பு அருகே அது கம்பிக்கட்டின் கனத்துக்கு வந்தது. முழங்கால் மடங்கி மடங்கி அவர் நடந்தார். லைன் பெண்கள் அத்தனை பேரும் இரண்டு பக்கமும் நடந்து வந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, பொன்னம்மை மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் குடத்தை இறக்கியபோது, அது இருந்த இடத்தில் தரை அரை விரல் ஆழம் அமுங்கியது. “இதெல்லா திவசமும் நிங்ஙள் சுமக்குந்நதாணோ?” என்று கேட்டார். தினமும் இதைத்தான் சுமக்கிறீர்களா என்று.

“தினமுந்தான் சார். வேற ஆரு சுமப்பா?”

அவள் செம்பில் மொண்டு நீட்டினாள். அவர் கொதிக்க வைக்கவும் இல்லை, தூக்கிக் குடிக்கவும் இல்லை. செம்பை வாயில் வைத்து, தொண்டை ஏறி இறங்க, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். இன்னொன்று கேட்டார். அதையும் குடித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்து போய்விட்டார். அன்று மாலை பால்பாண்டி கடையில் சாயா சாயா நிறத்தில் இறங்கியது. விழிஞ்ஞத்தில் ஒரு படகு வழி தவறிப் பூவார் பக்கம் ஒதுங்கியது. நகரம் வாயைச் சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனது.

வீட்டுக்குக் குழாய் கொடுக்கத்தான் பட்டா வேண்டும், ரோட்டோரப் பொதுக்குழாய்க்கு வேண்டாம் என்ற விதியை எஞ்சினியர் ஒரே வாரத்தில் தேடிப் பிடித்தார். அது எப்போதும் அங்கேதான் இருந்தது. பள்ளத்தை லைன்காரர்களே தோண்டினார்கள். சொரிமுத்துவும் மற்றவர்களும் சாலைக் கடைத்தெருவிலிருந்து இரும்புக் குழாய்களைத் தோளில் சுமந்து வந்தார்கள். திறக்கிற அன்று இசக்கியம்மனுக்குப் பொங்கலிட்டார்கள். எஞ்சினியர் திருகினார். முதலில் காற்று, பிறகு சிவப்பாகக் கொஞ்சம், பிறகு கண்ணாடியாகத் தண்ணீர் வந்தது. ஆவுடைத்தாய் குனிந்து கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தாள். அவள் முகம் மாறியது. இரும்பு. ஊர் முழுக்க இரண்டு வருஷம் துப்பிய அதே இரும்பு. எஞ்சினியருக்கு முகம் வெளுத்துவிட்டது. இன்னும் எந்தத் தண்ணீரை யார் குடிக்காமல் விட்டார் என்று அவர் சுற்றிலும் பார்த்தார்.

ஆவுடைத்தாய் இரண்டாம் முறை ஏந்திக் குடித்தாள். கண்ணை மூடி, வாயிலேயே வைத்திருந்து, பிறகு விழுங்கினாள். கம்பி வெயிலில் காய்கிற வாடை அதில் இருந்தது. சொரிமுத்துவின் உள்ளங்கை வாடை இருந்தது. “நல்லாருக்கு” என்றாள். ஒருவரும் அசையாததைக் கண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “நல்லாருக்கு. குடிங்க” என்றாள். லைன் குடித்தது. சொரிமுத்து குடித்துவிட்டு, எல்லார் முன்னாலும், பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தான். அப்படி அவன் சிரித்து லைன் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின. தகரம் போய்க் கான்கிரீட் வந்தது. இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள்; ருசி அப்படியே இருந்தது. லைனில் பிறந்து துபாய்க்குப் போன செல்வின் என்ற பையன், அங்கே எந்தத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்காமல், பிளாஸ்கில் ஒரு ஆணியைக் கழுவிப் போட்டு வைத்திருப்பதாக போனில் சொன்னான். தென்காசிக்கும் களக்காட்டுக்கும் கட்டிக்கொடுத்த பெண்கள் பிரசவத்துக்கு வந்தால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே குழாயடிக்குத்தான் போவார்கள். மாப்பிள்ளைகள் முகம் சுளித்தால், இன்னொரு வாய் குடிக்கச் சொல்லி மாமனார்கள் மிரட்டினார்கள்.

2007இல் ஆஷா என்ற இளம் எஞ்சினியர் தண்ணீர் பரிசோதிக்கிற பெட்டியோடு வந்தாள். அக்கிரகாரத்துப் பெண், மலையாளத்தில் படித்தவள், தமிழைக் கொஞ்சம் யோசித்துப் பேசினாள். நரைத்துப்போன ஆவுடைத்தாய் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள், பெட்டியைத் திறந்து பார்த்தாள், மறுபடியும் குடித்தாள். பெட்டியில் இரும்பு காட்டவில்லை, நாக்கில் காட்டியது. எதற்கும் ஒரு புது வடிகட்டி இருப்பதாகவும், ஒரு வாரத்தில் பொருத்தி இந்த ருசியை எடுத்துவிடலாம் என்றும் சொல்லிவிட்டு, இத்தனை வருஷமாக ஏன் ஒருவரும் ஒரு புகாரும் கொடுக்கவில்லை என்று கேட்டாள்.

ஆவுடைத்தாய் குழாயைத் திருகி மூடிவிட்டு, கையை முந்தானையில் துடைத்தாள்.

“எடுத்துட்டா, இது ஆரு தண்ணின்னு எப்படித் தெரியும்?”

ஆஷா பெட்டியை மூடினாள். லைன் முனையில் அந்தக் குழாய் இப்போதும் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் தண்ணீர் வரும், இரும்பு ருசிக்கும். பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வேறு விஷயம் பேசிக்கொண்டிருப்பார்கள்.